ஒரே படம், இரண்டு வானம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் பழைய ஜப்பானிய மரக்கட்டை அச்சுப்பட ஓவியர் ஹிரோஷிகேயின் ‘கன்பாரா’ பனி இரவுப் படத்தை வாங்கிய ஒருவர், போன வாரம் இதே படம் உள்ள ஒரு புத்தகத்தோடு வந்தார். புத்தகத்தில் வானத்தின் மேல்விளிம்பு கறுத்திருக்கிறது. நாங்கள் கொடுத்ததில் கூரைகளுக்குப் பின்னால் இருள் கனத்து, மேலே போகப் போக வெளுக்கிறது. “இதில் எது போலி?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. எல்லோருக்குமே பதில் சொல்லிவிடுகிறோம்.

கன்பாரா, தோக்காய்தோ வழியில் உள்ள ஓர் ஊர். தோக்காய்தோ என்பது எதோவிலிருந்து, அதாவது இன்றைய தோக்கியோவிலிருந்து, கியோத்தோ வரை சுமார் 500 கிலோமீட்டர் போன பழைய பெருவழி. வழியில் தங்கிப் போக 53 ஊர்கள். புறப்படும் இடமும் சேரும் இடமும் சேர்த்து, ஹிரோஷிகேயின் தொடரில் 55 படங்கள். 1833 வாக்கில் வெளிவரத் தொடங்கின.

ஹிரோஷிகே மெல்லிய தாளில் கோடுகளை மட்டும் வரைந்து தருவார். செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரி மரக்கட்டையில் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்குவார். வரைந்த தாள் அதோடு போயிற்று. ஆக, ‘மூல ஓவியம்’ என்று எங்கும் ஒன்று மாட்டியிருக்காது. அச்சானவைதான் படங்கள்.

வானத்தின் இருளும் கட்டையில் செதுக்கியதல்ல. அச்சிடுபவர் ஒவ்வொரு தாளுக்கும் கட்டையை ஈரமாக்கி, சாயத்தைத் தடவி, ஓரத்தில் துடைத்து மங்க வைக்கிறார். பழைய அச்சுகளிலேயே கன்பாராவுக்கு இந்த இரண்டு வானமும் உண்டு. இரண்டும் சரியானவையே. ஒன்று கவனித்தீர்களா? கோலூன்றிப் போகிறவரைச் சுற்றியுள்ள பனியின் வெண்மை சாயமே இல்லை, அச்சுப்படாத வெறும் காகிதம்! எங்களுக்கு இந்தப் படத்தில் மிகப் பிடித்தது அதுதான்.

அப்புறம், நாங்கள் விற்பவை ஹிரோஷிகே காலத்துத் தாள்கள் அல்ல. பழையதைப் பார்த்துப் புதிதாகக் கட்டை செதுக்கி, கையால் அச்சிட்டவை. படத்தைத் திருப்பிப் பாருங்கள், சாயம் பின்பக்கம் வரை ஊறியிருக்கும். உருப்பெருக்கியில் பார்த்தால் இயந்திர அச்சில் வரும் புள்ளிகள் இருக்காது.

மேல்வானம் கறுத்த படம்தான் வேண்டுமென்றால் மாற்றித் தருகிறோம். கடையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறோம், பார்த்துவிட்டே எடுங்கள். எதை எடுத்தாலும், வெயில் விழும் சுவரில் மட்டும் மாட்டாதீர்கள், சாயம் வெளுத்துவிடும்.

அன்புடன்,
கடையிலிருந்து