வினாடி வினா, திரைப்பட ரசிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நடந்த கூட்டங்களின் விவரம் குறிப்பேட்டில் இருக்கிறது. இந்த ஆண்டு வினாடி வினா மேடையில் எழுந்த முறையீடுகளில் பெரும்பாலானவை பதிலைப் பற்றியவை அல்ல, கேள்வியைப் பற்றியவை. ஆகவே அறிக்கையின் பெரும்பகுதியும் அதைப் பற்றியதே.

'முதல்' என்ற சொல்லில்தான் அதிகத் தகராறு. "இந்தியாவின் முதல் படம் எது?" என்று மொட்டையாகக் கேட்டால், ஓர் அணி பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' (1913) என்று சொல்லும். இன்னோர் அணி 1912-இல் திரையிட்ட 'ஸ்ரீ புண்டலிக்' என்று சொல்லும். பின்னது மேடை நாடகத்தைக் கேமராவில் பிடித்தது என்பதால் பலரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் கேள்வியில் அந்த வரம்பு இல்லாதபோது அந்த அணிக்கு மதிப்பெண் மறுக்க முடியாது. 'முழுநீளக் கதைப்படம்' என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் சண்டையே இல்லை. அடைமொழியைக் கூட்டிச் சேர்ப்பதும் ஆபத்து. 1931 அக்டோபர் 31-இல் வெளியான 'காளிதாஸ்' முதல் தமிழ்ப் பேசும் படம். 'முழுக்கத் தமிழிலேயே பேசிய முதல் படம்' என்று எழுதினால் அந்தப் பதில் தவறாகிவிடும், ஏனென்றால் அதில் தெலுங்கிலும் பேசினார்கள்.

நூல்களே ஒத்துப்போகாத ஆண்டைக் கேட்கவே கூடாது. 'கீசக வதம்' என்ற மௌனப் படம் வெளியான ஆண்டு 1917 என்று ஒரு நூலில் இருக்கும், 1918 என்று மற்றொன்றில் இருக்கும். இயக்கியவர் ஆர். நடராஜ முதலியார் என்பதில் தகராறில்லை, அதைக் கேட்கலாம். விருதுகளில் வேறு சிக்கல். 2008-இல் வந்த படங்களுக்கான ஆஸ்கர் விழா 2009 பிப்ரவரியில் நடந்தது, ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு விருதுகள் பெற்றது அந்த விழாவில்தான். '2009 ஆஸ்கர்' என்று எழுதாமல் '81-ஆவது ஆஸ்கர் விழா' என்று எழுதினால் குழப்பம் தீரும். 'இதுவரை அதிகம்' என்ற வகைக் கேள்விகளில் எந்தத் தேதி நிலவரம் என்று தாளிலேயே இருக்க வேண்டும்.

பஸ்ஸர் சுற்றில், அதாவது முதலில் பொத்தானை அழுத்துபவர் பதில் சொல்லும் சுற்றில், குறிப்புகளின் வரிசை முக்கியம். அரிய குறிப்பு முதலில், எல்லோருக்கும் தெரிந்தது கடைசியில். தலைகீழாக எழுதினால் விரல் வேகம் ஜெயிக்கும், படிப்பு தோற்கும். உரக்க வாசித்துப் பார்த்து, இருபது விநாடிக்கு மேல் போனால் சுருக்குங்கள். செல்பேசிச் செயலியைப் பஸ்ஸராக வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஒவ்வொரு கருவியின் சமிக்ஞையும் வெவ்வேறு தாமதத்தோடு வருவதால் யார் முதலில் அழுத்தினார் என்பதை நம்ப முடியாது. கம்பி வைத்த பஸ்ஸரில் ஒருவர் அழுத்தியதும் மற்றவை பூட்டிக்கொள்ள வேண்டும். போட்டிக்கு முன் இரண்டிரண்டு பேராக ஒரே நேரத்தில் அழுத்தவைத்து அதைச் சோதிக்க வேண்டும். ஒரு பொத்தான் மட்டும் எப்போதும் பிந்தினால் அதன் தொடுமுனையில் தூசியோ துருவோ இருக்கும். கழற்றித் துடைத்தால் போதும்.

கேள்வியை அணி அணியாகக் கடத்தும் சுற்றில், பலவீனமான அணிக்கு அடுத்த இருக்கையில் இருப்பவர்களுக்கு யோகம். மீதிக் கேள்விகளெல்லாம் அவர்களிடம்தான் முதலில் வரும். இதற்கு மாற்று இருக்கிறது. ஒரு கேள்விக்கு எந்த அணி பதில் சொன்னதோ, அதற்கு அடுத்த அணியிலிருந்து அடுத்த கேள்வி தொடங்கட்டும். யாருமே சொல்லாவிட்டால் முதலில் கேட்கப்பட்ட அணிக்கே அடுத்த கேள்வியும் போகட்டும். பாதியில் திசையையும் திருப்பிவிட்டால் இருக்கையின் பலன் பெருமளவு குறையும்.

கேள்வித்தாளை எழுதியவர், சரிபார்த்தவர் இருவர் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. 1950-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'ட்வென்டி ஒன்' நிகழ்ச்சியில் விடைகளை முன்கூட்டியே கொடுத்து வெற்றியாளரை உருவாக்கினார்கள். 1959-இல், அப்படி வென்ற சார்லஸ் வான் டோரன் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் அதை ஒப்புக்கொண்டார். பார்ப்பவரின் நம்பிக்கை போனால் வினாடி வினாவில் மிச்சம் எதுவுமில்லை.

தொலைக்காட்சி வினா நிகழ்ச்சிகளைப் பற்றி உறுப்பினர்களிடையே இரு கட்சி உண்டு. 1998 செப்டம்பரில் பிரிட்டனில் தொடங்கிய கோடீஸ்வரர் பாணி, 2000 ஜூலையில் அமிதாப் பச்சன் மூலம் இந்தியாவுக்கு வந்தது. நான்கு விடைகள், நீளும் மௌனம், பார்வையாளர் வாக்கு என்று அது நாடகத்துக்காகவே கட்டியது. பார்வையாளர் வாக்கு எளிய கேள்விக்குக் கைகொடுக்கும், கடினமான கேள்வியில் நான்காகச் சிதறும். 1972-இல் தொடங்கிய பி.பி.சி.யின் 'மாஸ்டர்மைண்ட்' நேர் எதிர்: ஒரு கறுப்பு நாற்காலி, ஒரு கடிகாரம், அவ்வளவுதான். நான் இரண்டாவது கட்சி.

படக்காட்சிகளில் வந்த புகார் ஒன்றுதான்: "படம் சீரியல் மாதிரி தெரிகிறது." திரைப்படம் விநாடிக்கு 24 பிம்பங்கள். தொலைக்காட்சிப் பெட்டி இடையிடையே பிம்பங்களைத் தானே உண்டாக்கிச் செருகுவதால் இந்தக் கோளாறு. பட அமைப்பில் அசைவை மென்மையாக்கும் வசதியை அணைத்தால் போய்விடும். அகலம் நான்கு, உயரம் மூன்று என்ற அளவிலுள்ள பழைய 4:3 படத்தை அகலத் திரை நிறைய இழுத்துவைப்பதையும் நிறுத்த வேண்டும். முகங்களின் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது, பக்கவாட்டுக் கறுப்புப் பட்டைகளால் ஒரு கெடுதலும் இல்லை. 150 நிமிடப் படம் பழைய வட்டில் 144 நிமிடம் ஓடினால் வெட்டு என்று முடிவுகட்ட வேண்டாம். விநாடிக்கு 24 பிம்பங்களுக்குப் பதில் 25 என்று வேகமாக ஓட்டினால் கணக்கு அப்படித்தான் வரும்.

வரும் ஆண்டுக்கு மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு ஆதாரங்களைத் தாளின் பின்பக்கம் எழுதுவது. முறையீட்டை அடுத்த கேள்வி தொடங்குமுன் நடுவர் முடிப்பது. படக்காட்சிக்கு அரைமணி முன் ஒருவர் படம், ஒலி, வசன வரிகளைச் சோதிப்பது. பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இவ்வறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்