அடிச்சது போட்டீங்க, எறிஞ்சது எங்க?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன வாரம் விளையாட்டு பக்கத்துல கீழ் மூலைல ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீங்க, அமெரிக்க காலேஜ் பாஸ்கெட்பால்ல அயோவா யுனிவர்சிட்டி பொண்ணு கெய்ட்லின் க்ளார்க் மொத்தம் 3,951 பாயின்ட் எடுத்து லூசியானா ஸ்டேட்ல ஆடுன பழைய பிளேயர் பீட் மராவிச்சோட 3,667ஐ தாண்டினாங்கன்னு. கிரிக்கெட்ட விட்டுட்டு இதையும் நம்ம பேப்பர்ல போட்டதே பெருசு, அதுக்கு முதல்ல நன்றி. ஆனா அந்த ரெண்டு நம்பர மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுட்டு யார் பெரிய ஆளுன்னு கேட்டு விட்டுட்டீங்க பாருங்க, அன்னைக்கு சாயந்தரம் கிரவுண்ட்ல எங்களுக்குள்ள ஆரம்பிச்ச சண்டை இன்னும் ஓயல, அதான் எழுதுறேன்.

நான் பெரிய பிளேயர் எல்லாம் இல்ல சார். காலேஜ் டீம்ல இடம் கெடைக்காம ஸ்கோர் டேபிள்ல உக்காந்தவன். அந்த ஷீட்ட பாத்தவங்களுக்கு தெரியும், ரெண்டு பாயின்ட்டுன்னா நம்பர் மேல சாய்வா ஒரு கோடு, ஃபவுலுக்கு கெடைக்கற ஒத்த பாயின்ட் ஃப்ரீ த்ரோன்னா ஒரு கருப்பு புள்ளி, தூரத்து கோட்டுக்கு வெளிய இருந்து எறிஞ்சு 3 பாயின்ட் எடுக்கற த்ரீ போட்டா பிளேயர் நம்பர சுத்தி ஒரு வட்டம், ஃபவுலுக்கு டைம் அவுட்டுக்கு எல்லாம் தனித்தனி கட்டம் இருக்கும். ரிங்ல பட்டு வெளிய தெறிச்ச பந்துக்கு மட்டும் அதுல இடமே கெடையாது. 20 தடவை எறிஞ்சு 8 போட்டவனும் 10 தடவை எறிஞ்சு 8 போட்டவனும் ஷீட்ல ஒரே மாதிரிதான் தெரிவானுங்க. மேட்ச் முடிஞ்சதும் நான் கூட்டிச் சொல்லுவேன், நம்ம ஆளு 16ன்னு, உடனே அவன் தோள்ல தட்டுவாங்க, டீ வாங்கி குடுப்பாங்க, அவன் விட்ட 12 பந்த பத்தி ஒருத்தனும் பேச மாட்டான்.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற ஆளு ட்ரே யங். 2017-18 சீசன்ல ஒக்லஹோமா யுனிவர்சிட்டிக்கு முதல் வருஷ பையனா ஆடுனாரு, மேட்ச்சுக்கு 27.4 பாயின்ட், 8.7 அசிஸ்ட் (அடுத்தவன் கூடைல போட வழி பண்ற பாஸ்), ரெண்டுலயும் நாட்டுலயே முதல் இடம், ஒரே சீசன்ல இந்த ரெண்டையும் அதுக்கு முன்னாடி யாரும் பண்ணதில்ல. 2018 ஜனவரில ஒக்லஹோமா ஸ்டேட் கூட ஒரு மேட்ச், அதுல 48 பாயின்ட். பேப்பர்ல போட்டா 48ன்னு கொட்டை எழுத்துல வரும். ஆனா அன்னைக்கு எறிஞ்சது 39 ஷாட், விழுந்தது 14, மேட்ச் ஓவர்டைம் போய் 83-81ன்னு தோத்தாங்க. நியாயமா இன்னொன்னும் சொல்லணும், விழுந்த 14ல 8 த்ரீ, அதனால வெறுமனே 36 சதவீதம்னு சொன்னா பையனுக்கு அநியாயம் பண்ண மாதிரி, ஒவ்வொரு த்ரீயையும் ஒன்றரை கூடையா எண்ணினா 14 கூட 4 சேந்து 18 ஆகுது, 39ல 18ன்னா 46 சதவீதம், பரவால்லங்கிற ரகம். அந்த டீம்ல அவர விட்டா எறிய வேற யாரு இருந்தாங்கன்னு என் மச்சான் கேப்பான், கரெக்ட்டா கூட இருக்கலாம், ஆனா அந்த வாதத்த ஆரம்பிக்கறதுக்கே 39ங்கிற நம்பர் கைல வேணும்ல?

இப்ப உங்க செய்திக்கே வரேன். மராவிச் கட்சிக்காரங்க சொல்றது தப்பில்ல, அவர் ஆடுனது 83 மேட்ச்தான், க்ளார்க் 139. அப்பல்லாம் முதல் வருஷ பசங்கள மெயின் டீம்ல சேக்க மாட்டாங்க, அதனால அவருக்கு 3 வருஷம்தான் கெடைச்சுது, த்ரீ பாயின்ட் கோடும் அப்ப கெடையாது, அப்படியும் சராசரி 44.2, க்ளார்க்குக்கு 28.4. இதோட நிறுத்தினா மராவிச் ஜெயிச்சாரு. ஆனா அந்த 83 மேட்ச்ல அவர் எறிஞ்சது 3,166 ஷாட் சார், மேட்ச்சுக்கு 38! ட்ரே யங் வாழ்க்கைல ஒரு நாள் எறிஞ்சத இவரு தெனமும் எறிஞ்சிருக்காரு. விழுந்தது 1,387, அதாவது 44 சதவீதம் கிட்ட. லூசியானா ஸ்டேட்ல கோச் யாருன்னு பாத்தா சொந்த அப்பா, அப்பாவே கோச்சா இருக்கும்போது பந்த பாஸ் பண்ணுடான்னு யாரு போய் சொல்றது. அந்த 3 வருஷத்துல டீம் ஒரு தடவ கூட, அங்க காலேஜ் விளையாட்டுகள நடத்துற என்சிஏஏவோட டோர்னமென்ட்டுக்குள்ள போகல. க்ளார்க் 1,144 அசிஸ்ட் குடுத்தாங்க, 2023லயும் 2024லயும் டீம ஃபைனல் வரைக்கும் கொண்டு போனாங்க, ரெண்டுலயும் தோத்தது வேற கதை. அவங்களையும் சும்மா விடக் கூடாது, கடைசி சீசன்ல மேட்ச்சுக்கு 4.7 தடவ பந்த எதிராளிட்ட குடுத்திருக்காங்க, அவ்ளோ நேரம் பந்து கைலயே இருந்தா அதுவும் நடக்கத்தான் செய்யும். என் ஓட்டு க்ளார்க்குக்குத்தான், மச்சான் ஓட்டு மராவிச்சுக்கு. நடுவுல கன்சாஸ்ல 3,649 எடுத்த லினெட் வுட்டார்ட் பேர நீங்க சொல்லவே இல்ல, அவங்க ஆடுன காலத்துல பொண்ணுங்க விளையாட்ட என்சிஏஏ நடத்தல, அதனால அவங்க கணக்குல சேராதாம், என்னத்த சொல்ல.

எறிஞ்சத போட்டுட்டா எல்லாம் வெளங்கிடும்னு நான் சொல்லல. 2008 நவம்பர் 25 அன்னைக்கு டேவிட்சன் காலேஜ் ஸ்டீஃபன் கரி 3 ஷாட் எறிஞ்சாரு, ஒன்னும் விழல, பாயின்ட் பூஜ்யம். அந்த சீசன்ல 28.6 சராசரியோட நாட்டுலயே முதல்ல வந்த ஆளு அவரு. என்ன நடந்துச்சுன்னா, மேரிலாண்ட்ல இருந்து வந்த லயோலா டீம் மேட்ச் பூரா ரெண்டு பேர அவர் மேலயே ஒட்ட வச்சிருச்சு, பந்து எங்க இருந்தாலும் சரி அவங்க ரெண்டு பேரும் கரிய விட்டு நகரல. அவரும் சண்டை போடல, பேசாம போய் ஓரமா நின்னுக்கிட்டாரு, மிச்ச 4 பேரு எதிர 3 பேர வச்சுக்கிட்டு ஆடுனாங்க. டேவிட்சன் 78, லயோலா 48. அந்த 30 பாயின்ட் வித்தியாசத்துல கரிக்கு எவ்ளோ பங்குன்னு எந்த ஷீட்ல எழுதறது?

அதுக்கு நேர் எதிரா 2024 காலேஜ் ஆம்பளைங்க ஃபைனல். பர்டியூவோட ஸாக் ஈடி, 7 அடி 4 அங்குலம், 25 எறிஞ்சு 15 போட்டு 37 பாயின்ட், குறையே சொல்ல முடியாது, ஆனா யூகான் (கனெக்டிகட் யுனிவர்சிட்டி) 75-60ல ஜெயிச்சுது. யூகான் ஆளு கிளிங்கன் ஒருத்தர மட்டும் ஈடி கூட விட்டுட்டு மத்தவங்க பர்டியூவோட ஷூட்டர்கள விட்டு அசையவே இல்ல, த்ரீக்கு பேர் போன அந்த டீம் அன்னைக்கு எறிஞ்ச த்ரீ மொத்தமே 7, விழுந்தது 1, ஈடிய விட்டா மிச்ச எல்லாரும் சேந்து 23 பாயின்ட்தான். ஒருத்தர் பூஜ்யம் எடுத்து ஜெயிக்கறாரு, ஒருத்தர் 37 எடுத்து தோக்கறாரு, இதுல உங்க பேப்பர் யார் போட்டோவ போடும்னு எனக்கு தெரியும்.

அதனால நான் கேக்கறது பெருசா ஒன்னும் இல்ல சார். 48 பாயின்ட்டுன்னு போட்டா பக்கத்துலயே 39ல 14ன்னு போடுங்க, அசிஸ்ட் எத்தனை, பந்த தொலைச்சது எத்தனைன்னு ஒரு வரி போடுங்க, அவ்ளோதான். மே மாசம் எங்க ஊர்ல ஆல் இந்தியா டோர்னமென்ட் நடக்கும்போதும் அப்படியே போடுங்க, விட்டத எண்ண ஆள் இல்லன்னா ஒரு நோட்டோட நானே வந்து கேலரில உக்காந்துக்கறேன், காசு எல்லாம் வேணாம். பக்கத்துல இடம் பத்தலன்னா அந்த பரிசளிப்பு போட்டோல பிளேயர மறைச்சுக்கிட்டு நிக்கற பிரமுகர்கள்ல ரெண்டு பேர வெட்டிடுங்க.

இப்படிக்கு,
பழைய ஸ்கோர் டேபிள் ஆளு,
பெரியகுளம்