இரண்டு வருடமாக ஒரு பிடி புல் வரவில்லை

ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநர் மைக்கேல் ஆல்ஃபோர்டு அவர்களுக்கு,

வணக்கம். இந்த மடல் தமிழில் இருப்பதால் உங்கள் மேசைக்கு வந்து சேரப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் சனிக்கிழமைதோறும் உங்கள் அணியைப் பார்த்துத் தமிழிலேயே கத்தி, தமிழிலேயே திட்டிப் பழகிவிட்டதால் மனதில் இருப்பதையும் அதிலேயே எழுதிவிடுகிறேன். உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிற டாலஹாஸிக்குப் படிக்க வந்த புதிதில் எனக்கு இந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் தலையும் புரியாது வாலும் புரியாது. கையிலேயே வைத்துக்கொண்டு ஓடுகிற பந்துக்கு எதற்குக் கால்பந்து என்று பெயர் என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். என்னை உள்ளே இழுத்தது ஆட்டம்கூட இல்லை, உங்கள் பயிற்சி மைதானத்தை ஒட்டி இருக்கிற அந்தக் கல்லறைத் தோட்டம்தான்.

உங்களுக்கு அது தினமும் கண்ணில் படுகிற இடம், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1962இல் அணி ஜார்ஜியாவுக்குக் கிளம்பும்போது ஒரு பேராசிரியர், அங்கிருந்து கொஞ்சம் புல் கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்று பையன்களைச் சீண்டியிருக்கிறார். போனார்கள், 18-0 என்று ஜெயித்தார்கள், கேப்டன் மைதானத்திலேயே குனிந்து ஒரு பிடி புல்லைப் பிய்த்துக்கொண்டு வந்தார். அதைப் புதைத்து மேலே ஒரு கல் வைத்தார்கள். அன்றிலிருந்து, தோற்றுவிடுவார்கள் என்று எல்லோரும் சொன்ன வெளியூர் ஆட்டத்தை ஜெயித்தால் அந்த மைதானத்திலிருந்து ஒரு துண்டு புல்லை வெட்டிவந்து புதைப்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கல்லிலும் யாரை எத்தனைக்கு எத்தனை என்று ஜெயித்த கணக்கு. எதிராளியின் மண்ணைக் கொண்டுவந்து வீட்டில் அடக்கம் செய்கிற ஊர் என்றால் எனக்குப் பிடிக்காமல் போகுமா?

இப்போது கணக்குக்கு வருவோம். 2023 நவம்பரில் கெயின்ஸ்வில்லுக்கே போய் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தை 24-15 என்று ஜெயித்தோம். அதன் பிறகு 2025 சீசன் முடியும்வரை எதிரணியின் ஊருக்குப் போய் ஜெயித்தது எத்தனை தடவை தெரியுமா? ஒரு தடவைகூட இல்லை. 2024இல் நான்கு, 2025இல் ஐந்து, ஒன்பது ஊர்களுக்குப் போய் ஒன்பதிலும் தோற்றுத் திரும்பியிருக்கிறோம். அயர்லாந்தின் டப்ளினில் ஜார்ஜியா டெக்கிடம் தோற்றது பொது மைதானம் என்பதால் அதைச் சேர்க்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு முறைகூட நம்மை ஜெயித்திராத டியூக்கிடமும் இந்த ஒன்பதில்தான் தோற்றோம்.

2024 சீசனைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். 2 வெற்றி, 10 தோல்வி. இழவு வீட்டில் கணக்குக் கேட்பது மரியாதை இல்லை. என்னைத் தூங்கவிடாதது 2025தான், ஏனென்றால் அது நம்பிக்கை கொடுத்துவிட்டுக் கழுத்தை அறுத்தது. ஆகஸ்ட் 30 அன்று சொந்த மைதானத்தில் அலபாமாவை 31-17 என்று உருட்டி எடுத்தோம், மூன்று ஆட்டம் ஆடி மூன்றும் வெற்றி, தரவரிசையில் எட்டாம் இடம். அப்புறம் முதல் வெளியூர்ப் பயணம் வர்ஜீனியாவுக்கு. இரண்டு கூடுதல் நேரம் போய் 46-38 தோல்வி. அடுத்து மயாமியிடம் 28-22, பிட்ஸ்பர்கிடம் 34-31. அதன் பிறகு கலிபோர்னியா வரை பறந்துபோய், ஃப்ளோரிடாவில் எல்லோரும் நடுராத்திரி தாண்டியும் விழித்திருந்து பார்க்க, ஸ்டான்ஃபோர்டிடம் 20-13. அந்த நான்கு தோல்வியையும் கூட்டிப் பார்த்தேன், மொத்த வித்தியாசமே 24 புள்ளிதான். திறமை இல்லாத அணி அலபாமாவை அப்படி அடிக்காது, நான்கு வாரம் தொடர்ந்து இப்படி நூலிழையில் தோற்கவும் செய்யாது. கடைசியில் 5-7. உள்ளூரில் புலி, வெளியூரில் பூனை.

ஏன் என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். வெளியூரில் அறுபது, எழுபதாயிரம் பேர் கத்தும்போது, ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்கின் குரல் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. கைச்சைகையிலும் கண்ஜாடையிலும்தான் எல்லாம் நடக்க வேண்டும். முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேரும் பக்கத்தில் இருப்பவன் எந்தப் பக்கம் நகர்வான் என்று பார்க்காமலே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது மூன்று வருடம் ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகத் தோற்று வருகிற பழக்கம். நாமோ வருடாவருடம் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது கல்லூரி மாற நினைக்கிற வீரர்களின் பட்டியலில், ஆளெடுத்து அணி கட்டுகிறோம். 2023இல் அது பிரமாதமாகப் பலித்தது, மறுக்கவில்லை. ஜாரெட் வெர்ஸ், கியான் கோல்மன், பிரேடன் ஃபிஸ்க், ட்ரே பென்சன் எல்லோருமே வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள்தான். அவர்களையும் சேர்த்துப் பத்துப் பேர் ஒரே வருடத்தில் என்எஃப்எல் என்கிற தொழில்முறை லீக்குக்குப் போய்விட்டார்கள், போனதும் வீடு காலி. 2024இல் மூன்றாவது கல்லூரியாக நம்மிடம் வந்த ஒரு குவார்ட்டர்பேக், 2025இல் அதே போல இன்னொருவர். பையன்கள் மேல் எனக்குக் குறை இல்லை, அவர்களால் முடிந்ததை ஆடினார்கள். ஆனால் வாடகை வீட்டில் யாரும் தென்னங்கன்று நடுவதில்லை.

சரி, கோச் விஷயம். 2024 ஜனவரியில் அலபாமாவின் கோச் நிக் சேபன் ஓய்வு பெற்றதும், நம் கோச் மைக் நார்வெலை அவர்கள் கொத்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் வருடத்துக்குச் சுமார் 1 கோடி டாலர் என்று 2031 வரை ஒப்பந்தம் போட்டீர்கள். அன்று நானும் கைதட்டியவன்தான், அதனால் இன்று மேதை மாதிரி பேசப்போவதில்லை. 2025 சீசன் முடிவில் அவரை அனுப்புவதென்றால் 5 கோடி டாலருக்கு மேல் எடுத்துவைக்க வேண்டியிருந்தது, வீரர்களுக்கே வருடம் சுமார் 2 கோடி டாலர் வரை கல்லூரியே நேரடியாகக் கொடுக்கலாம் என்று ஆகிவிட்ட காலத்தில் அது சின்ன விஷயம் இல்லை. அதனால் வைத்துக்கொண்டீர்கள், புரிகிறது. பணமில்லாததால் வைத்திருக்கிறோம் என்றே சொல்லியிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்போம். அவர் நீடிப்பார் என்று நீங்கள் விட்ட அறிக்கையின் அலங்கார வார்த்தைகளைத்தான் விழுங்க முடியவில்லை. 2024இல் அவருக்குக் கீழே தாக்குதலையும் தற்காப்பையும் கவனித்த இரண்டு ஒருங்கிணைப்பாளர்களை நீக்கினீர்கள், புதியவர்கள் வந்தார்கள், வெளியூர்க் கணக்கு மாறவில்லை. அப்படியென்றால் 2026இல் எதைப் பார்த்து அவரை எடை போடப்போகிறீர்கள் என்பதை இப்போதே, சீசன் தொடங்கும் முன்பே, எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளியிலிருந்து நேராக வரும் பையன்களை, குறிப்பாக முன்வரிசைக்கு, எடுத்து வளருங்கள். அவர்கள் இரண்டாம் வருடமே மூட்டை கட்டாமல் இருக்கப் பணத்தை அங்கே செலவழியுங்கள். ஒரு குவார்ட்டர்பேக் இரண்டு சீசனாவது நம் ஊரிலேயே இருக்கட்டும். 1981இல் அன்றைய கோச் பாபி பவுடனின் அணி நெப்ராஸ்கா, ஒஹையோ ஸ்டேட், நோட்ர டேம், பிட்ஸ்பர்க், எல்எஸ்யூ என்று ஐந்து வாரம் வரிசையாக அடுத்தவன் ஊரிலேயே ஆடியது. அதில் மூன்றை ஜெயித்தது. அந்தக் கற்கள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன.

2026 செப்டம்பரில் அலபாமா நம்மிடம் வராது, நாம்தான் அவர்கள் ஊரான டஸ்கலூசாவுக்குப் போகிறோம். பெட்டியில் கத்தரிக்கோலையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
2024இன் பன்னிரண்டு ஆட்டத்தையும் கடைசி வரை உட்கார்ந்து பார்த்த ஒருவன்