அறநெறி மண்டபக் கூரைக்கான நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர்,

எமது அறநெறி மண்டபத்தின் சுவர்கள் எழுந்துவிட்டன, கூரை இல்லை. ஐப்பசியில் மாரி தொடங்கினால் பூசாத சுவர்கள் ஊறி, செய்த வேலையும் பழுதாகிவிடும் என்று மேசன் எச்சரித்திருப்பதால், சிறுபோக வெட்டு முடிந்த கையோடு இவ்வேண்டுகோளை விடுக்கின்றோம்.

புத்தர் போதித்த அறங்களைக் கொண்டு பிள்ளைகளை நற்குடிமக்களாக வளர்ப்பதே இம்மண்டபத்தின் நோக்கம் என்றதும் சிலர் முகம் சுளித்ததை அறிவோம். வன்னியில் அதற்குரிய காரணங்களையும் அறிவோம். இங்கே விகாரை எழாது, சிலை வராது, எவரும் மதம் மாறவேண்டியதில்லை. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் பொங்கும் எமக்கு, கண்ணகியைத் தாயாகவே வணங்கிய பௌத்தத் துறவி மணிமேகலை அந்நியள் அல்லள். அமுதசுரபியால் பசி தீர்த்த அவள், சோழ மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். முள்வேலிக்குள் வாழ்ந்து மீண்ட எமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

ஞாயிறு வகுப்பில் இப்போது, சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் இல்லறக் கடமைகளைச் சொன்ன சிகாலோவாத சுத்தம் என்னும் போதனை நடைபெறுகின்றது. ராஜகிருகத்தில் ஈர ஆடையோடு ஆறு திசைகளையும் கும்பிட்டு நின்ற சிகாலனிடம், கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழ்த்திசை வேலையாட்கள், மேல்திசை துறவியர் என்றார் புத்தர். வேலையாளின் வலுவறிந்து வேலை கொடுத்தல், உணவும் கூலியும் கொடுத்தல், நோயிற் பார்த்தல், நல்ல பண்டத்தைப் பகிர்தல், ஓய்வு கொடுத்தல் ஆகியன எசமானின் கடமைகள். இதைக் கற்ற மாணவி ஒருத்தி, அருவி வெட்ட, அதாவது நெல் அறுக்க, வருவோருக்கு மட்டும் ஏன் வேறு கறி என்று வீட்டிற் கேட்டிருக்கிறாள். அடுத்த கிழமை அவளது தாயார் 2 மூடை நெல்லை மண்டபத்திற்கு அனுப்பிவைத்தார்.

காடு வெட்டி, குளக்கட்டைத் தோளில் மண் சுமந்து உயர்த்தி, பள்ளிக்கூடம் வருமுன்னரே திண்ணையில் ஏடு படிப்பித்த எமது பாட்டன்மார் எந்த அரசிடமும் கையேந்தவில்லை. அவர்கள் கட்டிய வாசிகசாலை 2009இல் தரைமட்டமானது. அதன் அத்திவாரத்திலேயே இம்மண்டபம் எழுகின்றது.

கூரை மரமும் ஓடும் 480,000 ரூபா, மேசன், தச்சர் கூலி 165,000, வாங்கு மேசைகள் 90,000, நூல்கள் 40,000, மொத்தம் 775,000 ரூபா. கையிருப்பு 430,000. குறைவது 345,000 ரூபா.

மணலும் உழவு இயந்திரமும் இலவசமாகத் தந்த கமக்காரர்கள், சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு பங்கு தரும் ஆசிரியர்கள், கனடாவிலும் பிரான்சிலும் இருந்து அனுப்பிய பிள்ளைகள், தமது முதியோர் கொடுப்பனவில் 500 ரூபாவைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த அம்மா ஆகிய அனைவருக்கும் நாம் கடமைப்பட்டுள்ளோம். தம் காலத்தில் சபை கூடி ஆண்ட வச்சியர் என்ற மக்கள், அடிக்கடி கூடி ஒற்றுமையாகக் கலைந்துவரும் காலமெல்லாம் வீழமாட்டார்கள் என்றார் புத்தர். எமது பொதுக்கூட்டத்திற்கு வந்தோரின் தொகையை எழுத எமக்கே கூச்சமாக இருக்கிறது. பூப்புனித நீராட்டுக்கு டிறோன் கமரா பிடிக்கும் ஊரில் கூரை ஓட்டுக்குப் பணமில்லை என்று சொல்லமுடியாது.

நெல்லாகவும் தரலாம். புரட்டாதி முடிவதற்குள் பொருளாளரிடம் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் கோயில் வாசலில் ஒட்டப்படும்.

இவ்வண்ணம்,
அறநெறி மண்டபக் கட்டடக் குழுவினர்