அந்தக் கிழவன் பேசினானா?

அண்ணே,

வருகிற 14-ம் தேதி அப்பாவுக்கு ஆண்டுப் பூசை. காலை ஆறு மணிப் பூசையில் அவருக்காக வேண்டச் சொல்லிக் கருத்துக் கொடுத்திருக்கிறேன். உன் பெயரையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுத்தேன். கேட்காமல் எழுதியதற்கு மன்னித்துக்கொள். கேட்க ஒரு வழி வைத்திருந்தாய் என்றால் கேட்டிருப்பேன்.

ஒவ்வொரு டிசம்பரிலும் இங்கே கிறிஸ்துமஸ் படங்களைப் பற்றி ஏதாவது எழுதுவேன். நீ படிக்கிறாயோ இல்லையோ, தெரியாது. இந்த வருஷமும் அதற்குத்தான் உட்கார்ந்தேன். 'ஹோம் அலோன்' என்று எழுதியதோடு கை ஓடவில்லை. அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். யாராவது இதைத் தூக்கி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். ஆகவே 2013-ல் நடந்ததற்குள் போகமாட்டேன், போட்டைப் பற்றிப் பேசமாட்டேன், மதினியைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. (படிக்கிற மாமாமாரே, உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. போய்த் தூங்குங்கள்.)

2001 கிறிஸ்துமஸ் உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ. எனக்குப் பதினோரு வயது. நடுராத்திரி பூசை முடிந்து, குடிலைத் தொட்டுக் கும்பிட்டு வீட்டுக்கு வந்தால், நீ ராமநாதபுரத்திலிருந்து வாடகைக்கு எடுத்து வந்த விசிடி பிளேயரை டிவியோடு மாட்டிக்கொண்டிருக்கிறாய். தங்கச்சிமடத்தில் நம் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் நம் வீட்டுத் தரையில். ஒரு கையில் முறுக்கு, ஒரு கையில் கேக். படம் அந்த 'ஹோம் அலோன்'தான், இங்கிலீஷ். ஒருவருக்கும் புரியாது. நீதான் டிவி பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாய்.

உனக்கும் இங்கிலீஷ் தெரியாது என்பது எங்கள் யாருக்கும் அப்போது தெரியாது.

பக்கத்து வீட்டுக் கிழவர் மார்லியை நீ அறிமுகப்படுத்தியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அந்தப் படத்தில் பெரிய பையன் சின்னவர்களைப் பயமுறுத்த ஒரு கதை விடுவான்: கிழவர் தன் குடும்பத்தையே கொன்றுவிட்டார், தெருவில் உப்புப் போடுகிறாரே, அந்த உப்புத் தொட்டிக்குள்தான் பிணங்கள் பதமாகிக் கிடக்கின்றன என்று. நீ சொன்னாய்: "இந்தக் கெழவன் வீட்டு ஆளுகளையெல்லாம் கருவாடு போட்டுட்டான்." தெருவே வாயைப் பொத்திக்கொண்டது. அப்புறம் வீட்டில் தனியாக விடுபட்ட சின்னப் பையன் கெவின் வாசற்படியில் தண்ணீரை அடித்து உறைய வைத்ததும் திருடர்கள் வழுக்கி வழுக்கி விழுந்தார்களே, அதற்கு, "ஐஸ் கம்பெனித் தரை மாதிரி ஆக்கிட்டான்" என்றாய். அந்த ஒரு வரியில் அமெரிக்கா முழுக்க எங்களுக்குப் புரிந்துவிட்டது.

அப்பா திண்ணையில் டிவிக்கு முதுகைக் காட்டி பீடி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த நாட்கள் ஆகாது என்பதை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியில் இருந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் முதலில் காற்றுதான் ஞாபகம் வரும். படத்திலும் முதலில் காற்றுதான். மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழுகிறது, கரண்ட் போகிறது, கடிகாரம் நின்றுபோய் வீடே தூங்கிவிடுகிறது, அந்த அவசரத்தில்தான் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறார்கள். காற்றுச் சத்தம் கேட்டதும் அப்பா திரும்பினார். அப்புறம் கடைசிவரை திரும்பின மேனிக்கே இருந்தார்.

இரண்டாவது சிடியில்தான் அந்தக் கோயில் காட்சி. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, பாடகர் குழு பாடிப் பழகுகிறது. கெவின் தனியாக உட்கார்ந்திருக்கிறான். மார்லி வந்து பக்கத்தில் உட்கார்கிறார். மகனோடு சண்டை, பேச்சு வார்த்தை இல்லை, பாடுகிற பிள்ளைகளில் ஒருத்தி அவருடைய பேத்தி. இவ்வளவும் நீ சரியாகத்தான் சொன்னாய், எப்படியோ. பையன் அவருக்கு என்ன பதில் சொன்னான் என்பதை மட்டும் நீ இப்படிச் சொன்னாய்: "பேசாம வீட்டுல உக்காந்திருங்க தாத்தா. மகன் வருவான்."

அதற்கப்புறம் கடைசிப் பத்து நிமிஷத்தில் சிடி மாட்டிக்கொண்டது. நீ துடைத்தாய், ஊதினாய், சட்டையில் தேய்த்தாய். படம் கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர நகரவில்லை. பிள்ளைகள் திருடர்களுக்கு என்ன ஆனது என்று கத்தினார்கள். அப்பா ஒருவர்தான் திண்ணையிலிருந்து கேட்டார்:

"அந்தக் கெழவன் மகன்கிட்டப் பேசுனானா?"

"மகன் வந்துட்டான்ப்பா. வந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டான்" என்றாய்.

"ம்" என்றார். பீடியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

மதுரையில் விடுதியில் இருந்தபோது அதே படத்தை எழுத்தோடு பார்த்தேன். பையன் அப்படிச் சொல்லவே இல்லை அண்ணே. மகனைப் பார்க்க ஆசையாக இருந்தால் நீங்களே போன் போட்டுப் பேச வேண்டியதுதானே என்கிறான். போட்டால் அவன் பேசமாட்டானோ என்று பயமாக இருக்கிறது என்கிறார் கிழவர். இந்த வயதிலும் பயமா என்று பையன் கேட்கிறான். அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து மறந்துபோனேன். நீ தப்பாகப் புரிந்துகொண்டாயா, இல்லை அப்பா காதில் விழட்டும் என்று மாற்றிச் சொன்னாயா? இதை அப்போதே கேட்டிருந்தால் வெறும் விளையாட்டுக் கேள்வியாகப் போயிருக்கும்.

இப்போது வேறு ஒரு படம். நீ பார்த்திருக்க மாட்டாய், உனக்குத் துப்பாக்கி வேண்டும். ('டை ஹார்ட்' கிறிஸ்துமஸ் படம்தான் என்று அடித்துப் பேசுவாய். அது 1988 ஜூலையில் வந்த படம் என்று சொன்னால், மனைவியைப் பார்க்கக் கிறிஸ்துமஸுக்கு வருகிறவன் கதை வேறு என்னவாம் என்பாய். சரி, அதில் நீ சொன்னது நியாயம்தான்.) நான் சொல்வது 1946-ல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்'. ஃபிராங்க் காப்ரா எடுத்தது. வெளிவந்தபோது போட்ட காசு தேறவில்லை. 1974-ல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டார்கள். அதனால் அமெரிக்காவில் எந்த டிவிக்காரர் வேண்டுமானாலும் டிசம்பரில் போட்டுக்கொண்டார், வருஷா வருஷம், திரும்பத் திரும்ப. அப்படித்தான் அது எல்லோருக்கும் பிடித்த படமாயிற்று. கிறிஸ்துமஸ் படங்களை ஏன் எல்லோரும் விரும்புகிறார்கள் என்று பெரிய பெரிய காரணம் சொல்வார்கள். எனக்கென்னவோ அந்த டிவிக்காரர்கள்தான் காரணம் என்று படுகிறது. நமக்கும் அந்தக் கீறல் விழுந்த சிடிதானே கிடைத்தது? அடுத்த வருஷமும் அதைத்தானே எடுத்து வந்தாய்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதில் பொழிகிற பனி பொய்ப் பனி. கோடை வெயிலில் எடுத்த படம். அதுவரை சினிமாவில் கார்ன்ஃப்ளேக்ஸுக்கு வெள்ளையடித்துக் கொட்டுவார்களாம், நடந்தால் நொறுங்கிச் சத்தம் வரும். இந்தப் படத்துக்குத் தீயணைப்பு நுரையும் சோப்பும் தண்ணீரும் கலந்து பனி செய்தார்கள். அதைப் படித்தபோது நம் குடிலில் அம்மா ஒட்டுகிற பஞ்சுதான் ஞாபகம் வந்தது. கடற்கரை மணல் மேலே பனிப் பஞ்சு, அதன் மேலே ஒட்டகம். நீ இருக்கிற ஊரில் நிஜப் பனியாமே. போட்டோவில் பார்த்தேன். நீ அனுப்பியதில்லை, வேறு ஒருவர் காட்டினார்.

அந்தப் படத்தில் ஜார்ஜ் என்று ஒருவன். ஊரை விட்டுப் போய் உலகம் சுற்ற ஆசை. அப்பா இறந்துபோகிறார். அவர் நடத்திய சின்னக் கடன் நிறுவனம் இவன் தலையில் விழுகிறது. படிக்க வைத்திருந்த காசைத் தம்பிக்குக் கொடுத்து, நீ படித்து முடித்து வந்து பொறுப்பெடுத்துக்கொள், அப்புறம் நான் போகிறேன் என்கிறான். தம்பி திரும்பி வரும்போது கல்யாணம் முடிந்திருக்கிறது, மாமனார் கொடுக்கிற வேலையும் தயாராக இருக்கிறது. (புருவத்தைத் தூக்காதே, படத்தில் அப்படித்தான் இருக்கிறது.) ஜார்ஜ் ஊரிலேயே நின்றுபோகிறான். எனக்கு அந்தப் படம் பிடிக்காது. வருஷம் தவறாமல் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் கோபம் வருகிறது. கடைசியில் ஊரே சேர்ந்து அவனுக்குக் காசு கொண்டுவந்து கொட்டும்போது எல்லோரும் அழுவார்கள். நான் அழுவது அதற்கு அல்ல. தம்பி பனிப்புயலில் விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறான் பார், அங்கே.

நீ நல்லடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் விசா என்று சொல்லிவைத்தேன். அது உனக்குத் தெரிய வேண்டும்.

இனி சொல்லப்போவதை அம்மாவிடம்கூட நான் சொன்னதில்லை.

2023 டிசம்பர் 24. அப்பாவுக்கு வாதம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேச்சு குழறும், ஆனாலும் எனக்குப் புரியும். பூசைக்குக் கூட்டிப் போக முடியாத நிலை. பொழுது போக என் போனில் 'ஹோம் அலோன்' போட்டுக் காட்டினேன். கீழே வருகிற எழுத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். உன்னைப் போல எனக்குக் கதை விட வராது, உள்ளதை உள்ளபடி சொன்னேன். கோயில் காட்சி வந்தது. நீங்களே போன் போடுங்கள் என்று பையன் சொல்வதைச் சொன்னேன். அப்பா கையை நீட்டிப் படத்தை நிறுத்தச் சொன்னார். "கெழவன்தான் போடணுமா?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அவர் வேறு கதையை நம்பிக்கொண்டிருந்தார், அண்ணே.

"அண்ணனுக்குப் போடு" என்றார்.

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். காதில் வைத்தேன். பத்து எண்ணினேன். திரும்பி வந்து, "எடுக்கலப்பா" என்றேன்.

நான் போடவே இல்லை.

நீ எடுக்காமல் போனால் அவர் தாங்கமாட்டார் என்று பயந்தேன். அன்றைக்கு அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய் இல்லை. ஆனால் அன்று காலைதான் அவருக்குப் படுக்கையை மாற்றி, துடைத்து, உடுத்தி, இடுப்பு விட்டுப்போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருக்கிறவள் நான், பத்து வருஷமாகக் கேட்காதவன் நீ. உன் குரலைக் கேட்டு அவர் முகம் மலர்வதை அந்த ஒரு ராத்திரி என்னால் பார்க்க முடியாது என்று தோன்றியது. இதில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மறுநாள் போடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் நினைத்தேன். அடுத்த டிசம்பரில் அவர் இல்லை.

"வேலையா இருப்பான்" என்றார் அப்பா. மீதிப் படத்தை ஓடவிடச் சொன்னார். மறுநாள் காலை ஜன்னல் வழியாகக் கெவின் பார்க்கிறான், எதிரே கிழவர் பேத்தியைத் தூக்கி அணைத்துக்கொள்கிறார், மகன் பக்கத்தில் நிற்கிறான். கிழவர் இவனைப் பார்த்துக் கை காட்டுகிறார். அப்பாவும் நல்ல கையைத் தூக்கிப் போனுக்குக் கை காட்டினார். இதை நான் கற்பனை செய்யவில்லை.

என் தப்பு. ஆனால் நீயும் ஒரு தடவை போட்டிருக்கலாம். அவருடைய நம்பர் மாறவே இல்லை.

போன வருஷம் துக்க வீடு, நட்சத்திரம் கட்டவில்லை. இந்த வருஷம் கட்டுகிறேன். அம்மா வேண்டாம் என்றாள், அப்புறம் பரணிலிருந்து பழைய ஒயரை அவளே எடுத்துக் கொடுத்தாள். தெருப் பிள்ளைகளை 24-ம் தேதி பூசை முடிந்து வரச் சொல்லியிருக்கிறேன், அதே படம்தான். புதுப் பாலம் திறந்துவிட்டார்கள், ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரை வருகிறது, மண்டபத்தில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டாம். சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

அப்பாவின் சிம்மை இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன். அம்மா அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். உன் நம்பர் ஒருவர் மூலமாகக் கிடைத்தது. யார் என்று இங்கே சொல்லமாட்டேன், அவரைத் திட்டாதே. 24-ம் தேதி பூசை முடிய இங்கே ராத்திரி இரண்டு மணி ஆகும். அங்கே அப்போது ஒன்பதரை. அப்பாவின் நம்பரிலிருந்து ஒரு கால் வரும். சமையலறைக்குப் போகமாட்டேன், அம்மா முன்னாலேயே உட்கார்ந்து போடுவேன். அவளுக்கு வலது காது இப்போது சுத்தமாகக் கேட்பதில்லை. போனை இடது காதுக்கு மாற்றக் கொஞ்ச நேரம் ஆகும், வைத்துவிடாதே.

உன் தங்கச்சி