ஜாமீன் என்றால் ஆள், பணமல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் 'வாலிபர் ஜாமீனில் விடுதலை' என்று ஒரு தலைப்பு வந்தது. எங்கள் ஊர் டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்தவர், "பணத்தைக் கட்டினான், விடுதலையாகிட்டான், கேஸ் முடிஞ்சுது" என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டார். உண்மையில் யாரும் பணம் கட்டவில்லை, வழக்கும் முடியவில்லை. அந்தப் பையனுக்கு ஜாமீன் நின்ற இருவரில் நானும் ஒருவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

'ஜாமீன்' அரபியில் பிறந்து பாரசீகம், உருது வழியாக நம் கோர்ட்டு கச்சேரிகளுக்கு வந்த சொல். அங்கே அதற்குப் பொருள், இன்னொருவருக்காகப் பொறுப்பேற்கும் ஆள். (நிலத்தைக் குறிக்கும் 'ஜமீன்' வேறு சொல். ஒரு துணைக்கால் விட்டுப்போனால் பொருளே மாறிவிடும், உங்கள் அச்சுக்கோப்பிலும் சில நாள் மாறியிருக்கிறது.) ஆங்கிலத்தின் 'பெயில்' கூட, சுமை தூக்குபவரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததுதான்.

நம் 'பிணை' இன்னும் தெளிவான சொல். களத்தில் கதிரை மிதிக்க மாடுகளை ஒன்றோடொன்று கட்டி ஓட்டுவதைப் பிணை ஓட்டுவது என்போம். ஒரு மாடு திமிறினால் பக்கத்து மாட்டின் கழுத்தும் சேர்ந்து இழுபடும். பிணை கொடுப்பவரின் நிலை அதுதான். "கடனுக்கு யார் ஜாமீன்?" என்று கேட்கும் கிராமத்து வாய்க்கு இந்தப் பொருள் இன்றும் மறக்கவில்லை. அச்சில்தான் அந்த ஆள் காணாமல் போய்விட்டார்.

நான் கையெழுத்துப் போட்ட அன்று வீட்டு வரி ரசீதும் ஆதார் நகலும் எடுத்துப்போனேன். பையனை எப்படித் தெரியும், இதற்குமுன் யாருக்கெல்லாம் ஜாமீன் நின்றிருக்கிறேன் என்று கேட்டார்கள். பத்தாயிரம் ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்தேன், கையிலிருந்து பத்து ரூபாய்கூட நீதிமன்றத்தில் கட்டவில்லை. அவன் ஆஜராகாமல் ஓடிப்போய், பத்திரம் பறிமுதலானால்தான் அந்தப் பணத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும். அவனுடைய அம்மா வெளியே வேப்பமரத்தடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அந்த அம்மா இரண்டு வாரமாகத் தேடி அலைந்தது பணத்துக்காக அல்ல, ஆளுக்காக.

இந்த அலைச்சல் புதிதல்ல. 1978-இல் மோத்திராம் என்ற மத்தியப் பிரதேசக் கொத்தனாருக்கு ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியவில்லை. கேட்டது பத்தாயிரம் ரூபாய்க்கான பிணை, பிணை நிற்க வந்த சகோதரரோ வேறு மாவட்டத்துக்காரர் என்று மறுக்கப்பட்டார். உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர்தான் அவரை ஆயிரம் ரூபாய் சொந்தப் பத்திரத்தில் விடச் சொன்னார். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தால் வெளியே வருவது தாமதமாகிறது என்று 2023-லும் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் எது ஜாமீன் பெறத்தக்க குற்றம் என்று சொன்னதே தவிர, ஜாமீன் என்றால் என்னவென்று சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம்தான் அதற்கு விளக்கம் தருகிறது: நிபந்தனைகளோடு, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு காவலிலிருந்து விடுவது. காவலிலிருந்துதான், வழக்கிலிருந்து அல்ல.

ஆகவே ஒரு வேண்டுகோள். 'ஜாமீனில் வெளிவந்தார்' என்று போடுங்கள். 'விடுதலை' என்ற சொல்லைத் தீர்ப்பு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'பத்தாயிரம் கட்டி' என்பதற்குப் பதில் 'பத்தாயிரம் ரூபாய்க்கு இரு நபர் ஜாமீனில்' என்று எழுதினால் மூன்றே சொல்தான் கூடும். டீக்கடைப் பேச்சைக் கேட்டு ஊரில் இரண்டு பேர் அந்த அம்மாவிடம், "அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுவிட்டார்கள்.

வழக்கு இன்னும் சாட்சி விசாரணைக்கே வரவில்லை. அடுத்த மாதம் வாய்தா. அவனோடு நானும் போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்