உப்பைக் குறைத்தீர்கள் சரி, தாளிப்பு என்ன பாவம் செய்தது?

மருத்துவமனைச் சமையல்கூடப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

எந்த மருத்துவமனை என்று நான் எழுதவில்லை, உங்களுக்கே தெரியும். பிரஷர் ஏறிப்போய் எங்கள் நைனா போன வாரம் உங்களிடம் 5 நாள் இருந்தார். மருந்திலும் கவனிப்பிலும் ஒரு குறையும் இல்லை. சாப்பாடுதான்.

40 வருஷம் காசிமேட்டில் லாஞ்சு ஏறிய மனுஷன், கருவாடு இல்லாமல் பழைய சோறு இறங்காது. அவருக்கு உப்பு ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆனால் நீங்கள் உப்போடு சேர்த்து மிளகு, பூண்டு, புளி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் டிஸ்சார்ஜ் செய்துவிட்டீர்களே!

மூன்றாம் நாள் மத்தியானம் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தால், நைனா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரர் கொடுத்த ஊறுகாய்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். விரலெல்லாம் சிவப்பு எண்ணெய். 68 வயசில் திருட்டுத்தனம்! தட்டில் வெளுத்த சாம்பார் ஆடை கட்டிக் கிடந்தது. அதில் நீங்கள் மிச்சம் பிடித்த உப்பெல்லாம் அந்த ஒரு பாக்கெட்டிலேயே உள்ளே போயிருக்கும்.

இறக்கும்போது கொஞ்சம் தாளித்துக் கொட்டுங்கள், தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டு வையுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

வீட்டில் இப்போது அப்படித்தான் ஓடுகிறது. சோற்றில் உப்பே கிடையாது. சங்கரா மீனுக்கு மிளகும் தனியாவும் வறுத்து அரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் போட்டு, புளியோடு நாலு துண்டு மாங்காய். உப்பைக் கடைசியில்தான் போடுகிறேன், நாக்குக்கு முதலில் அதுதான் தட்டுப்படுகிறது, பாதி அளவே போதும். சோடியம் கம்மி என்று விற்கும் உப்பை வாங்கவில்லை, அதில் பொட்டாசியம் இருக்கும், கிட்னிக்காரர்களுக்கு ஆகாது, டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

உங்கள் வார்டுச் சுவரில் 'உப்பைக் குறைப்பீர்' போஸ்டர், கீழே கேண்டீனில் மிக்சரும் சிப்ஸும். நல்லா இருக்கிறது! எங்கள் தெருவில் போர் போட்டால் கடல் தண்ணீர் மாதிரி கரிக்கிறது, நல்ல தண்ணீருக்கு லாரியைப் பார்த்து நிற்கிறோம், அந்த உப்பைக் குறைக்க ஒரு போஸ்டரும் காணோம்.

சரி, அது உங்கள் தலைவலி இல்லை, மன்னியுங்கள். அடுத்த மாசம் நைனா செக்கப்புக்கு வருகிறார், மறுபடி படுக்கச் சொன்னாலும் சொல்வார்கள். அதற்குள் அந்தத் தாளிப்பும் எலுமிச்சைத் துண்டும் வந்துவிட்டால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
ஊறுகாய் பிடிபட்டவரின் மகள்